கிளையன்ட் அதிகமா பணம் போட்டுட்டாரா? மிச்சத்தை உடனே திருப்பி அனுப்பிடாதீங்க

தனியா தொழில் பண்றவங்களுக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி ஒரு மோசடி இருக்கு. டிசைன், போட்டோ, மொழிபெயர்ப்பு, டியூஷன், மேக்கப், வீட்டு ரிப்பேர்னு சொந்தமா ஏதாவது சர்வீஸ் குடுத்து இன்வாய்ஸ் போட்டு காசு வாங்குற யாரா இருந்தாலும் இது ஒருநாள் உங்க இன்பாக்ஸ் கதவைத் தட்டும். இதுல வேடிக்கை என்னன்னா ஏமாத்துறவன் நம்மகிட்ட காசே கேக்க மாட்டான், அவன்தான் நமக்குக் குடுப்பான், அதுவும் கேட்டதுக்கு மேலயே குடுப்பான். அப்புறம் அந்த மேல இருக்கிற தொகையை மட்டும் எனக்கோ இன்னாருக்கோ அனுப்பிடுங்கன்னு சொல்லுவான். நாமளும் அனுப்பிடுவோம், ஏன்னா அது நம்ம காசு இல்லையே, வச்சுக்கிட்டா உறுத்துமே. கொஞ்ச நாள் கழிச்சு அவன் போட்ட முதல் பணம் மொத்தமா செல்லாதுன்னு திரும்பிப் போயிடும். நாம அனுப்புனது மட்டும்தான் நெஜப் பணம், அது போனது போனதுதான்.

பேராசை பிடிச்சவங்கதான் இதுல மாட்டுவாங்கன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, தப்பு. அடுத்தவங்க காசை வச்சுக்கக் கூடாதுங்கிற நல்ல புத்தி இருக்கே, அதுலதான் தூண்டிலே போடுறான். அதனால நமக்கு இதெல்லாம் நடக்காதுன்னு மட்டும் இருந்துடாதீங்க.

எனக்கு வந்ததைச் சொல்றேன். நான் வெப்சைட் பண்ணிக் குடுக்கிறவன். ஒரு நாள் ஒரு மெசேஜ், "வணக்கம், நீங்கதான் ஓனரா? கார்டு பேமென்ட் வாங்குவீங்களா?" அவ்வளவுதான். என்ன வேலை, எந்த மாதிரி சைட், ஒண்ணும் இல்ல. ஆமான்னு பதில் போட்டதும் சரசரன்னு வந்துச்சு. புதுசா கடை திறக்கப் போறாராம், அடுத்த மாசமே திறப்பு விழாவாம், இப்ப ஆபரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரியில இருக்கிறதால பேச முடியாதாம், மெசேஜ்லயே பேசிக்கலாமாம். ரேட் சொன்னேன், ஒரு வார்த்தை பேரம் பேசல. என் பழைய வேலை எதையும் காட்டச் சொல்லல. அங்கயே எனக்கு உறைச்சிருக்கணும், என் அனுபவத்துல பேரம் பேசாத கிளையன்ட்னு ஒருத்தரைப் பாத்ததே கெடையாது. ஆனா அந்த மாசம் வேலை கம்மி, மனசு சும்மா இருக்குமா, சரின்னு போயிட்டேன்.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாரு. "லோகோ, படம், மேட்டர் எல்லாம் என் ப்ராஜெக்ட் கன்சல்டன்ட்கிட்ட இருக்கு. அவருக்கு கார்டு வாங்குற வசதி இல்ல. நான் கார்டுல 3500 போட்டுடறேன், 1500 உங்க அட்வான்ஸ், 1900 அவருக்கு நீங்க அனுப்பிடுங்க, மிச்சம் 100 உங்க சிரமத்துக்கு வச்சுக்கோங்க." படிச்சா எவ்வளவு மரியாதையா இருக்கு பாருங்க, சிரமத்துக்கு நூறு வேற. நான் 3500க்கு இன்வாய்ஸே டைப் பண்ணிட்டேன். அனுப்புறதுக்கு முன்னாடி சும்மா ஒரு வார்த்தை, அவருக்கு நீங்களே பேங்க்ல இருந்து அனுப்பலாமேன்னு கேட்டேன். வந்த பதில்: "டாக்டர் என்னை போனைத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு." அப்ப இவ்வளவு நேரம் இந்த மெசேஜை எதுல அடிச்சாரு? அந்த ஒரு வரியிலதான் எனக்கு முழிப்பு வந்துச்சு. இன்வாய்ஸை 1500க்கு மட்டும் மாத்தி அனுப்பினேன், ஒரு கார்டு டிக்ளைன், இன்னொரு கார்டு டிக்ளைன், மூணாவதா வேற யாரோ பேர்ல ஒரு கார்டு போடப் பாத்தாரு, நான் லிங்க்கையே கேன்சல் பண்ணிட்டேன்.

கதை ஆளுக்கு ஆள் மாறும், எலும்புக்கூடு ஒண்ணுதான். போட்டோகிராபருக்கு வந்தா அதிகப் பணம் ஈவென்ட் பிளானருக்குப் போகணும். டியூஷன் டீச்சருக்கு வந்தா, பையன் ஒரு மாசம் லீவுக்கு உங்க ஊருக்கு வரான், அவனைக் கூட்டிட்டு வர்ற டிரைவருக்குக் குடுக்கணும். மொழிபெயர்ப்பாளருக்கு வந்தா ஆபீஸ்ல யாரோ தெரியாம பெரிய தொகைக்கு செக் எழுதிட்டாங்க, மிச்சத்தைத் திருப்பணும். எங்க சுத்தினாலும் கடைசியில உங்க கையால ஒரு மூணாவது ஆளுக்கோ, இல்ல வேற ஒரு வழியில அவருக்கேயோ பணம் போகணும், அதுல வந்து முடியும்.

சரி, அக்கவுன்ட்ல வந்த பணம் எப்படித் திரும்பிப் போகும்? இதைப் புரிஞ்சுக்கிட்டா மீதி பாதுகாப்பு தன்னால வந்துடும், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல செக். நீங்க செக்கைப் போட்டதும் உங்க பேங்க் அந்தத் தொகையை அக்கவுன்ட்ல காட்டும், எடுக்கவும் விடும். அதுக்கு அர்த்தம் எழுதிக் குடுத்தவரோட பேங்க் பணத்தைக் குடுத்துடுச்சுன்னு இல்ல. உங்க பேங்க் உங்களை நம்பி முன்கூட்டியே காட்டுது, அவ்வளவுதான். அமெரிக்காவுல 1987ல வந்த ஒரு சட்டப்படி பேங்க் இத்தனை நாளைக்குள்ள பணத்தை எடுக்க விட்டே ஆகணும், பேங்க்கே எழுதிக் குடுக்கிற கேஷியர்ஸ் செக்கா இருந்து நீங்க நேர்ல கவுன்டர்ல போட்டா பொதுவா அடுத்த வேலை நாளே எடுத்துக்கலாம். ஆனா செக் போலின்னு கண்டுபிடிக்க வாரக்கணக்குல கூட ஆகும். போலி செக் அடிக்கிறவன் நெஜமான பேங்க் பேரு, நெஜமான ஏதோ ஒரு கம்பெனியோட அக்கவுன்ட் நம்பர் எல்லாம் போட்டுத்தான் அடிக்கிறான், கவுன்டர்ல இருக்கிறவருக்கே பாத்தாத் தெரியாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற நாள் இருக்கே, அதுதான் அவனோட மொத்த முதலீடும். அந்த இடைவெளிக்குள்ள உங்களை அனுப்ப வச்சுடணும், அதுக்குத்தான் இவ்வளவு அவசரப்படுத்துறான். செக் திரும்புனதும் பேங்க் முழுத் தொகையையும் உங்க அக்கவுன்ட்ல இருந்து எடுத்துக்கும், இல்லன்னா மைனஸ்ல நிறுத்தி உங்களைக் கட்டச் சொல்லும், அதுக்கு ஒரு சார்ஜும் சேத்து.

எல்லா நாட்டுலயும் ஒரே மாதிரி இல்ல. பிரிட்டன்ல செக்கை போட்டோவா எடுத்து க்ளியர் பண்ற முறை வந்ததுக்கப்புறம் அடுத்த வேலை நாள் ராத்திரிக்குள்ள முடிவு தெரிஞ்சுடும். ஆனா வெளிநாட்டு பேங்க் செக்குன்னா அந்தக் கணக்கு செல்லாது. ஆகவே உங்க பேங்க்ல கேளுங்க, கேக்குறப்போ கேள்வியைச் சரியா கேளுங்க. "செக் க்ளியர் ஆயிடுச்சா?"ன்னு கேட்டா பணம் அக்கவுன்ட்ல தெரியுதேன்னு பாத்துட்டு அவங்க ஆமான்னுதான் சொல்லுவாங்க, பொய்யும் இல்ல. "எழுதிக் குடுத்த பேங்க் பணத்தைக் குடுத்து முடிச்சுடுச்சா, இனிமே இது திரும்பிப் போக வாய்ப்பு இருக்கா?"ன்னு கேளுங்க. இந்த ஒரு கேள்வியைக் கேக்காம என் ஃப்ரெண்ட் ஒருத்தர், போட்டோ எடுக்கிறவர், ரெண்டு மாச வருமானத்தை விட்டாரு. க்ளியர்னு சொன்னாங்களேன்னு பத்து நாள் கழிச்சுப் போய் சண்டை போட்டதுதான் மிச்சம். செக் எழுதுன பேங்க்கை நேரா கூப்பிட்டும் கேக்கலாம், ஆனா செக்குலயே அச்சடிச்சிருக்கிற நம்பருக்குக் கூப்பிடாதீங்க, அந்த நம்பரை எடுக்கிறவனும் அவன் ஆளாத்தான் இருப்பான், பேங்க்கோட வெப்சைட்டுக்கு நீங்களா போய் நம்பரை எடுங்க.

அடுத்து கார்டு. அப்ரூவ்டுன்னு பச்சையா வந்துட்டா நிம்மதின்னு நெனைக்கிறோம். அப்ரூவ்டுன்னா அந்தக் கார்டு இந்த நிமிஷம் முடக்கப்படல, அதுல லிமிட் இருக்கு, அவ்வளவுதான் அர்த்தம். நம்பரைக் குடுத்தவர்தான் கார்டுக்குச் சொந்தக்காரர்னு அது சொல்லாது. திருட்டுக் கார்டா இருந்தா, நெஜமான சொந்தக்காரர் ஸ்டேட்மென்ட் பாத்து "இது நான் பண்ணல"ன்னு சொல்றப்போ சார்ஜ்பேக் வரும், அதாவது கார்டு பேங்க் அந்தப் பணத்தை உங்ககிட்ட இருந்து திருப்பி எடுத்துக்கும். விசா கார்டுன்னா பெரும்பாலும் 120 நாள் வரைக்கும் கேக்கலாம், பேபால்ல டிஸ்ப்யூட், அதாவது புகார், போட 180 நாள் டைம் இருக்கு. ஆறு மாசம்! அதுக்குள்ள நீங்க அந்த வேலையையே மறந்திருப்பீங்க. இந்த மாதிரி நேர்ல பாக்காம எடுத்த கார்டு பேமென்ட்ல நஷ்டம் பெரும்பாலும் நம்ம தலையிலதான், கூடவே சார்ஜ்பேக் ஃபீ, அது அடிக்கடி வந்தா பேமென்ட் கம்பெனி அக்கவுன்ட்டையே மூடிடும், இருக்கிற மத்த கிளையன்ட் பணமும் சேந்து மாட்டிக்கும். அதுதான் எனக்கு 1900 போறதை விடப் பெரிய பயம்.

மூணாவது வகையில பணமே வந்திருக்காது. பேமென்ட் கம்பெனி அனுப்புன மாதிரியே ஒரு ஈமெயில் வரும், லோகோ எல்லாம் அச்சு அசலா இருக்கும், "உங்களுக்கு இவ்வளவு வந்திருக்கு, அதிகப்படியைத் திருப்பினதும் ரிலீஸ் ஆகும்"னு போட்டிருக்கும். இல்லன்னா ஒரு ஸ்க்ரீன்ஷாட். இல்லன்னா பேங்க் எஸ்எம்எஸ் மாதிரியே ஒண்ணு. எந்தக் கம்பெனியும் நீ முதல்ல அனுப்பு அப்புறம் உன் பணத்தை விடுறேன்னு சொல்லாது. மெயில்ல இருக்கிற பட்டனை அமுக்காம, நீங்களா ஆப்பைத் திறந்து பேலன்ஸ் பாருங்க, அங்க இல்லன்னா வரல, பேச்சு முடிஞ்சுது. யூபிஐ மாதிரி போன் பேமென்ட்ல இன்னொரு கூத்து, பணம் அனுப்புறேன்னு ஒரு க்யூஆர் அனுப்பி ஸ்கேன் பண்ணி பின் போடச் சொல்லுவான். பணம் வாங்குறதுக்கு பின் எதுக்கு? அடுத்தவன் குடுத்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போட்டா நம்மகிட்ட இருந்து போகுதுன்னு அர்த்தம்.

இன்னொண்ணும் இருக்கு, இது கொஞ்சம் விவகாரமானது. பணம் நெஜமாவே உங்க பேங்க் அக்கவுன்ட்டுக்கு வந்திருக்கும், ஆனா அது வேற யாரோ ஏமாந்தவரோட பணமா இருக்கும். அதை நீங்க மூணாவது ஆளுக்கு அனுப்பினா திருட்டுப் பணத்தைக் கைமாத்தி விட்டவர்னு உங்க பேருதான் ரெக்கார்டுல நிக்கும், அக்கவுன்ட் முடங்கும், விசாரணை வந்தா நீங்கதான் உக்காந்து பதில் சொல்லணும்.

ஆக நான் வச்சிருக்கிற சட்டம் ரெண்டே ரெண்டு. பணம் வந்துச்சான்னு பாக்கிறதில்ல, நின்னுச்சான்னு பாக்கிறேன். அப்புறம், கிளையன்ட் குடுத்த பணத்துல இருந்து யாருக்கும் எதையும் பட்டுவாடா பண்றதில்ல, திருப்புறதா இருந்தா முழுசா, வந்த வழியிலயே. கார்டுல வந்தா அதே கார்டுக்கு, பேமென்ட் டாஷ்போர்டுல ரீஃபண்ட் பட்டனை அமுக்கி. பேங்க் டிரான்ஸ்ஃபர்ல வந்தா என் பேங்க்கைக் கூப்பிட்டு தப்பா வந்திருக்கு திருப்பி விடுங்கன்னு சொல்லி, அவங்க மூலமா. செக்குன்னா டெபாசிட்டே பண்ணாம, சரியான தொகைக்கு வேற எழுதி அனுப்பச் சொல்லுவேன். டெபாசிட் பண்ணிட்டோம்னா பேங்க்ல சொல்லிட்டு, நெஜமாவே நிக்கிற வரைக்கும் தொடாம வைப்பேன். கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரை அனுப்பு, வெஸ்டர்ன் யூனியன்ல போடு, கிரிப்டோவா குடுன்னு யார் சொன்னாலும் அங்கயே கடையைச் சாத்துங்க, அதெல்லாம் ஒரு தடவை போயிட்டா திருப்பிக் கொண்டு வர்றது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

இதை முன்னாடியே அமைச்சு வச்சுட்டா இன்னும் நல்லது. இன்வாய்ஸ் லிங்க்ல தொகையை லாக் பண்ணுங்க, கட்டுறவர் தன் இஷ்டத்துக்கு நம்பர் அடிக்கிற மாதிரி வைக்காதீங்க, பாதி வேலை அதுலயே முடிஞ்சுடும். கான்ட்ராக்ட்லயோ கொட்டேஷன் அடியிலயோ ரெண்டு வரி போடுங்க, நான் போட்டிருக்கிறது இதுதான்: "இன்வாய்ஸ் தொகைக்கு மேல் பணம் வந்தால், வந்த தொகை முழுவதும் வந்த வழியிலேயே திருப்பி அனுப்பப்படும். மூன்றாம் நபர்களுக்கு எங்கள் மூலம் பணம் கொடுப்பதில்லை." ஒழுங்கான கிளையன்ட் இதைக் கண்டுக்கவே மாட்டாங்க. கூட வேலை செய்யுற பிளானரோ பிரின்டரோ நெஜமாவே இருந்தா அவங்க தனியா இன்வாய்ஸ் போடட்டும், கிளையன்ட் நேரா கட்டட்டும், நடுவுல நாம எதுக்கு?

அப்புறம் ஆளைப் பாருங்க. வீடியோ கால்ல அஞ்சு நிமிஷம் பேசலாமான்னு கேளுங்க, முடியாதுன்னா வேலையைப் பத்தி நுணுக்கமா ரெண்டு கேள்வி கேளுங்க. கடைக்கு சைட் வேணும்னு சொல்றவருக்கு எத்தனை பொருள் விக்கப் போறோம், டெலிவரி யாரு, டொமைன் வாங்கியாச்சான்னு ஏதாவது தெரிஞ்சிருக்கும். ஏமாத்துறவனுக்கு இதுல எல்லாம் ஆர்வமே இருக்காது, "அதை நீங்களே பாத்துக்கோங்க, பேமென்ட் எப்ப போடட்டும்"னு சுத்திச் சுத்தி அங்கயே வருவான். முன்னாடி எல்லாம் தப்புந்தவறுமா எழுதியிருந்தா மோசடின்னு சொல்லுவோம், இப்ப ஏஐயை வச்சு எழுதுறாங்க, நம்மளை விட நல்லா எழுதுறாங்க, அதனால எழுத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க. இன்னொரு விஷயம், காது கேக்காதுன்னு சொல்றதும் இவங்க வழக்கமா விடுற கதைதான், ஆனா நெஜமாவே காது கேக்காத கிளையன்ட்டும் இருப்பாங்க. அவங்களை சந்தேகப்பட்டு முகத்துல அடிச்ச மாதிரி பேசிடாதீங்க. சாட்லயே வேலையைப் பேசுங்க, பணத்துல மட்டும் எல்லாருக்கும் ஒரே சட்டம்.

நெஜமான கிளையன்ட்டே அதிகமா போட மாட்டாங்களான்னா, போடுவாங்க. ஒரே இன்வாய்ஸை ரெண்டு தடவை கட்டுவாங்க, ஒரு சைபரை சேத்து அடிப்பாங்க. எப்படிப் பிரிச்சுப் பாக்கிறது? டைம் கேளுங்க, இதை விட நல்ல டெஸ்ட் எனக்குத் தெரியல. நான் போன்ல ஒரு மெசேஜ் ரெடியா வச்சிருக்கேன், காப்பி பண்ணிக்கோங்க:

"அதிகமா வந்ததைக் கவனிச்சேன். எங்க பேங்க்ல பணம் உறுதியானதும், வந்த வழியிலயே முழுசா ரீஃபண்ட் பண்ணிடுவேன், கொஞ்ச நாள் ஆகும். அப்புறம் சரியான தொகைக்குப் புது லிங்க் அனுப்பறேன். வேற அக்கவுன்ட்டுக்கோ வேற ஆளுக்கோ அனுப்ப முடியாது."

போன வருஷம் ஒரு பழைய கிளையன்ட் ரெண்டு தடவை கட்டிட்டாங்க, இதையேதான் அனுப்பினேன், "ஐயோ சாரி, மெதுவா பண்ணுங்க, இல்லன்னா அடுத்த இன்வாய்ஸ்ல கழிச்சுக்கோங்க"ன்னு வந்துச்சு. மோசடிக்காரனுக்கு இதை அனுப்பிப் பாருங்க, முதல்ல கெஞ்சுவான், அப்புறம் யாரோ சாகக் கெடக்காங்கம்பான், அப்புறம் வக்கீல் போலீஸ்னு மிரட்டுவான், அப்புறம் ஆளே இருக்க மாட்டான். மிரட்டலுக்கெல்லாம் பதில் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம், ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு ப்ளாக் பண்ணுங்க.

ஏற்கனவே அனுப்பிட்டீங்களா? இதைப் படிக்கிறதை நிறுத்திட்டு முதல்ல உங்க பேங்க்குக்குப் போனைப் போடுங்க, ஃப்ராடு டிபார்ட்மென்ட்டைக் கேட்டு வாங்கிப் பேசி, அனுப்புன டிரான்ஸ்ஃபரை நிறுத்த முடியுமா, எதிர்ப்பக்க பேங்க்குக்குச் சொல்ல முடியுமான்னு கேளுங்க, மணிக்கணக்கு இங்க முக்கியம். இந்தியாவுல இருந்தா சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு உடனே கூப்பிடுங்க, பணம் அடுத்தடுத்த அக்கவுன்ட்டுக்கு ஓடுறதுக்குள்ள முடக்கிப் பாக்கத்தான் அந்த நம்பரே இருக்கு. அமெரிக்காவுல எஃப்பிஐயோட இன்டர்நெட் குற்றப் புகார் தளமான ஐசி3ல புகார் பண்ணலாம். கார்டுல வந்த பணம் இன்னும் உங்ககிட்ட இருந்தா, சார்ஜ்பேக் வர்ற வரைக்கும் காத்திருக்காம பேமென்ட் கம்பெனிகிட்ட நீங்களே சொல்லி ரீஃபண்ட் பண்ணிடுங்க, அந்த ஃபீயும் கெட்ட பேரும் வராம தப்பிக்கலாம். கிஃப்ட் கார்டு வாங்கிக் குடுத்திருந்தா கார்டையும் ரசீதையும் தூக்கிப் போடாம அந்தக் கார்டு கம்பெனியைக் கூப்பிடுங்க, சில சமயம் அவன் இன்னும் எடுத்திருக்க மாட்டான். மெசேஜ், ஈமெயில், செக்கோட போட்டோ, கவர், எதையும் அழிக்காதீங்க. வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுல சொல்லாம தாமதம் பண்றவங்கதான் அதிகம் இழக்கிறாங்க, அதனால முதல் நாளே சொல்லிடுங்க.

இன்னும் ஒண்ணு. புகார் குடுத்து கொஞ்ச நாள்ல யாராவது மெசேஜ் பண்ணுவாங்க, தொலைஞ்ச பணத்தை மீட்டுத் தரோம், கண்டுபிடிச்சுட்டோம், ப்ராசஸிங் ஃபீ மட்டும் கட்டுங்கன்னு. ஏமாந்தவங்க லிஸ்டை விக்கிறாங்க, வாங்குறவங்களும் இருக்காங்க. சில சமயம் அதே ஆள்தான் வேற பேர்ல வரான். என் ஃப்ரெண்டுக்கும் வந்துச்சு, நல்லவேளை அவரு இந்தத் தடவை ஃபீயைக் கட்டுறதுக்கு முன்னாடி எனக்குக் கூப்பிட்டாரு.